சத்தம் நின்றால் போதுமா?

கலிஃபோர்னியாவில் இருக்கிற என் அண்ணன் மகன் ஒருநாள் ராத்திரி போன் செய்தான். ஆசை ஆசையாகச் சேர்த்த பணத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருந்தான். இரண்டே பேர்தான் உட்காரலாம்.

''சித்தப்பா, பின்னாடி ஊளையிடற மாதிரி சத்தம் வருது. டிஃபரன்ஷியல் போச்சாம். சரி பண்ணினா, கார் வாங்கின விலையில பாதி ஆகும். ஆனா, இன்னொரு வழியும் இருக்குன்னு ஃப்ரெண்ட் சொல்றான்...''

என்ன வழி? கெட்டியான ஆயிலை ஊற்றினால் கொஞ்ச நாளைக்குச் சத்தம் அடங்கும். அதற்குள் யார் தலையிலாவது கட்டிவிடலாம்!

பழைய தந்திரம்தான். ரோல் தால் 1988-ல் எழுதிய 'மெடில்டா' நாவலில், பழைய கார் விற்கும் அப்பா கியர் பாக்ஸில் மரத்தூளைப் போட்டுச் சத்தத்தை மறைப்பார். படிக்கிற குழந்தைகள் சிரிப்பார்கள். காரை வாங்கியவன் சிரிப்பானா?

கார் வளைவில் திரும்பும்போது, வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்றச் சொன்னால் டயர் தேயும், வண்டி முரண்டு பிடிக்கும். 'அவரவர் தேவைக்கு ஓடுங்கப்பா' என்று இரண்டுக்கும் அனுமதி தருகிற பல்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷியல். அதில் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம், கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். க்ளட்ச்சைச் சடாரென்று விட்டுச் சீறிப் பாயும்போதெல்லாம் அடி விழுவது இந்தப் பற்களின் மீதுதான். ஒரு பல் உடைந்து, அந்தத் துண்டு நடுவில் சிக்கினால் பின் சக்கரங்கள் ஓட்டத்திலேயே இறுகி நின்றுவிடலாம். அப்போது ஸ்டீயரிங் பிடித்திருப்பது யார்? உங்களை நம்பி வாங்கிய யாரோ ஒருவர். பக்கத்து ஸீட்டில் அவர் குழந்தை.

''அவர் கேட்கலை, நான் சொல்லலை. இது பொய்யா?'' என்று கேட்பீர்கள்.

சொல்லாமல் இருப்பதே தப்பு. தெரிந்தவன் வாய் திறக்காவிட்டால், தெரியாதவன் எதைக் கேட்பான்? ஆனால், ஆயில் ஊற்றுவது அதைவிடப் பெரிய தப்பு. அந்த ஊளைச் சத்தம்தான், வாங்க வருகிறவரிடம் கார் சொல்லக்கூடிய ஒரே உண்மை. நீங்கள் சும்மா இருக்கவில்லை... காரின் வாயையும் பொத்துகிறீர்கள்!

''கையில காசு இல்லையே?'' என்றால், உள்ளதைச் சொல்லி விலையைக் குறைத்து விற்கலாம். நஷ்டம் வரும். தூக்கம் போகாது.

அண்ணன் மகன் மூன்று மாதம் பஸ்ஸில் போனான். பணம் சேர்த்து, பெட்டியைப் பிரிக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்று பார்த்தான். ''பினியன்லதான் பல் உடைஞ்சிருக்கு, கிரவுன் நல்லாத்தானே இருக்கு, அதை ஏன் மாத்தணும்?'' என்று கேட்டானாம். மெக்கானிக் மறுத்துவிட்டார். இரண்டும் ஜோடியாகவே உரசிப் பொருத்தப்பட்டவை. புதுசோடு பழசைச் சேர்த்தால் மறுபடி ஊளைதான். பிறகு பல்லுக்குப் பல் இடைவெளியை அளந்தார். அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்குதான். ரொம்ப நெருக்கினால் சூடேறும், ரொம்பத் தள்ளினால் அடித்துக்கொள்ளும். பற்களில் பெயிண்ட் தடவி, எங்கே உரசுகிறது என்று பார்த்தார். கடைசியில், ''முதல் சில நூறு மைல் மெதுவா ஓட்டு'' என்று சொல்லி அனுப்பினார்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. கார் உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். வீடு இருக்கிறது அல்லவா? மனைவி எதையோ சொல்ல வருகிறார், மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். ''சரி சரி, விடு!'' என்று நாம் ஊற்றுவது என்ன? அதுவும் கெட்டியான ஆயில்தானே!

சத்தம் நின்றுவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். உடைந்த பல் உள்ளேயேதான் இருக்கிறது. இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், டி.வி-யை அணைத்துவிட்டு, ''என்னம்மா சொல்ல வந்தே?'' என்று கேட்டுப்பாருங்களேன்.