இடையறாமை

வில்லை ஏதுமின்றி, ஊசிமுனையால் இட்ட துவாரம் ஒன்றையே கண்ணாகக் கொண்ட காமிராவில் படம் பிடிக்க முற்படுவோர், அத்துவாரத்தை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்ற கணக்கைத் தாமே போட்டுக்கொள்ள வேண்டும். துவாரத்திலிருந்து பிலிமுக்குள்ள தூரம் 60 மில்லிமீட்டர், துவாரத்தின் விட்டம் 0.3 மில்லிமீட்டர் என்றால், வகுத்துக் கிடைக்கும் 200 என்பதே அதன் எஃப் எண். எஃப் 16-க்கு ஒரு விநாடி என்று ஒளிமானி காட்டும் நிழலான முற்றத்தில், இப்பெட்டிக்கு 156 விநாடி வேண்டியிருக்கும்.

ஒளியின் குறைவைக் காலத்தின் மிகுதியால் ஈடுசெய்யலாம் என்று 1862-இல் புன்ஸனும் ராஸ்கோவும் நிறுவிய விதியே இக்கணக்கின் ஆதாரம். சக்தி சிறிதாயினும் காலம் நீண்டால் பலன் ஒன்றே என்னும் இவ்விதி, பல ஜன்மங்களின் பொறுமையை நம்பியிருக்கும் நம் போன்றோரின் மனத்துக்கு மிகவும் உவப்பானது. ஆனால், அந்த நூற்றாண்டின் இறுதியில் வியன்னாவின் குஃப்னர் வானாய்வுக்கூடத்தில் நட்சத்திரங்களைப் படம் பிடித்து ஆராய்ந்த கார்ல் ஷ்வார்ஸ்சைல்டு, மங்கிய ஒளியில் அவ்விதி பிறழ்வதைக் கண்டார். அவர் கண்ட 0.86 என்ற அடுக்கெண்ணைக் கொண்டு கணக்கிட்டால், நமது 156 விநாடி ஏறக்குறைய 6 நிமிஷமாக நீண்டுவிடுகிறது.

இதற்குக் காரணம் பிலிமின் உள்ளே இருக்கிறது. ஒளி பட்ட வெள்ளி உப்பின் துகளில் முதலில் தோன்றும் தனியோர் வெள்ளியணு தானாக நிலைபெறுவதில்லை. அடுத்த அணு விரைவில் வந்து துணைசேராவிடில் அது சிதைந்து, ஒளி படாத பழைய நிலைக்கே துகள் திரும்பிவிடுகிறது. மங்கிய ஒளியில் வரவுகளுக்கிடையே அவகாசம் மிகுதியாதலால், வந்ததில் ஒரு பகுதி வீணாகிறது.

ஜடப்பொருளின் தர்மத்தை ஆத்ம சாதனத்தின்மேல் ஏற்றுவது நியாயமா என்று கேட்கலாம். அது பிரமாணமாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும், அப்பியாசம் வேரூன்ற நீண்ட காலத்தோடு இடையறாமையும் சிரத்தையும் வேண்டுமென்று பதஞ்சலி ஏன் தனித்தனியே வகுத்தார் என்பது இங்கே தெளிவாகிறது. பண்டிகைக்குப் பண்டிகை மட்டும் ஈசுவரனை நினைப்பவன், நாற்பது ஆண்டுகளாக நினைத்து வந்ததாகக் கணக்குக் காட்டுவது கூட்டலில் பிழையன்று. முதல் நினைவு அழியுமுன் இரண்டாவது வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி. பலவீனனுக்குக் கதி இல்லை என்பதும் இதன் பொருளன்று. ஆறாவது நிமிஷத்தில் அவனுக்கும் படம் விழுகிறது, ஆனால் பலவானுக்கு வேண்டியதைவிட அவனுக்கே இடையறாமை அதிகம் வேண்டும்.