மதிப்பீட்டுக்கு முன்பே மனிதர்

வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவர்களுக்குப் பணிசெய்வதற்காக, பல துறைகளில் பட்டமேற்படிப்புப் படிக்கும் மாணவர்களை ஒன்றாக உட்காரவைத்துப் பயிற்றுவிக்கும் முறை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 1960களில் வேர்பிடித்தது. இன்று அதன் முக்கியமான வடிவம் ‘லெண்ட்’ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் திட்டம். குழந்தை மருத்துவம், உளவியல், பேச்சு சிகிச்சை, செவித்திறனியல், பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, செவிலியம், சமூகப்பணி, ஊட்டச்சத்து, பல் மருத்துவம் எனப் பல துறையினர் இதில் சேர்கிறார்கள். நீண்டகாலப் பயிற்சிக்கு வருபவர் குறைந்தது 300 மணி நேரம் பயில வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம், அறிவுத்திறன் குறைபாடு ஆகியவற்றைக் கண்டறிவதும் அதற்கேற்ற சிகிச்சையைத் திட்டமிடுவதும் பாடத்திட்டத்தில் வெளிப்படையாகத் தெரிபவை. அவற்றுக்கு அடியில் பழைய தத்துவக் கேள்வி ஒன்று கிடக்கிறது: தன்னால் பேசவோ கணக்கிடவோ தன்னைப் பார்த்துக்கொள்ளவோ முடியாத ஒருவருக்குப் பணிசெய்யும் கடமை எதன்மேல் நிற்கிறது?

வளர்ச்சிசார் குறைபாட்டை அமெரிக்கச் சட்டம் வரையறுக்கும் விதத்திலேயே இந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது. 22 வயதுக்கு முன் தோன்றி, காலமெல்லாம் நீடிக்கக்கூடியதாக இருந்து, ஏழு செயற்பாடுகளில் மூன்றையாவது கடுமையாகக் கட்டுப்படுத்தினால் அது வளர்ச்சிசார் குறைபாடு. தன்னைப் பராமரித்துக்கொள்வது, மொழியைப் புரிந்து வெளிப்படுத்துவது, கற்பது, நடமாடுவது, தன்னைத் தானே வழிநடத்திக்கொள்வது, சுயமாக வாழ்வது, பொருளாதாரத்தில் தன் காலில் நிற்பது ஆகியவை அந்த ஏழு. மேற்கத்திய தத்துவம் பல நூற்றாண்டுகளாக மனிதரின் சிறப்பு என்று எவற்றைப் போற்றியதோ, கிட்டத்தட்ட அவற்றின் பட்டியல்தான் இது. அந்தச் சிறப்புகளே மதிப்புக்கு ஆதாரம் என்றால், சட்டம் யாருக்கு உதவ முன்வருகிறதோ அவர்களுடைய மதிப்பே கேள்விக்குள்ளாகிவிடும்.

இது ஏட்டளவில் நின்ற ஆபத்து அல்ல. வர்ஜீனியாவைச் சேர்ந்த கேரி பக் என்ற இளம்பெண்ணைக் கட்டாயமாகக் கருத்தடை செய்ய 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அவர் பிறவியிலேயே அறிவுக் குறைபாடு உள்ளவர் என்று வழக்கில் சாட்சியம் அளித்த நிபுணர்களில் ஒருவரான ஹாரி லாஃப்லின் அவரை நேரில் பார்த்ததே இல்லை. கேரிக்கு அப்படி எந்தக் குறைபாடும் இருந்ததாகத் தெரியவில்லை என்பது பின்னாளைய ஆய்வாளர்களின் முடிவு. குறைபாடு இருந்திருந்தால் மட்டும் அந்தத் தீர்ப்பு நியாயமாகியிருக்குமா என்பது அதைவிடக் கனமான கேள்வி. நியூயார்க்கின் வில்லோபுரூக் அரசு இல்லம் 4,000 பேருக்காகக் கட்டப்பட்டது. 1960களின் நடுவில் 6,000 பேருக்கு மேல் அங்கே அடைபட்டுக் கிடந்தார்கள். ஆராய்ச்சிக்காக அங்கிருந்த குழந்தைகளுக்கு வேண்டுமென்றே மஞ்சள்காமாலைக் கிருமி செலுத்தப்பட்டது. அதைச் செய்தவர்கள் நன்றாகப் படித்துப் பட்டம் பெற்ற மருத்துவர்கள்.

பல்கலைக்கழகப் பயிற்சி மையங்களுக்கு வழிவகுத்த சட்டத்தில் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி 1963 அக்டோபரில் கையெழுத்திட்டார். அவருடைய தங்கை ரோஸ்மேரிக்கு அறிவுத்திறன் குறைபாடு இருந்தது. 1941இல் செய்யப்பட்ட மூளை அறுவைசிகிச்சை அவருடைய பேச்சையும் நடையையும் பெருமளவு பறித்துவிட்டது. அதுவும் நிபுணர்களின் யோசனைப்படி நடந்ததுதான். ஆகவே புதிய மையங்கள் கூடுதல் நிபுணத்துவத்தை மட்டும் உண்டாக்கியிருந்தால் அடிப்படைப் பிழை அப்படியே தங்கியிருக்கும். ஒருவருக்கு என்ன செய்யலாம் என்பதை நிபுணத்துவம் சொல்லும். அவர் நம்மிடம் எதைக் கேட்கும் உரிமை உடையவர் என்பதை அது சொல்லாது.

தத்துவ மரபில் இதற்குக் கிடைத்த விடைகள் நெடுங்காலம் ஏமாற்றம் தருவனவாகவே இருந்தன. உறுப்புக் குறையோடு பிறக்கும் குழந்தைகளை வளர்க்கக் கூடாது என்று சட்டம் இருக்க வேண்டும் என எழுதியவர் அரிஸ்டாட்டில். தன்னைத் தானாக உணர்ந்து சிந்திக்கும் உயிரே ‘நபர்’ என்றார் ஜான் லாக். அறநெறியைத் தனக்குத்தானே விதித்துக்கொள்ளும் பகுத்தறிவில் மனித மாண்பைக் கண்டார் காண்ட். 20ஆம் நூற்றாண்டின் மிகச் செல்வாக்குள்ள நீதிக் கோட்பாட்டை 1971இல் முன்வைத்த ஜான் ரால்ஸ், சமூகத்தை ஒத்துழைப்பவர்களின் ஒப்பந்தமாகக் கண்டார். ஒத்துழைக்கும் திறனற்றவர்களின் கேள்வியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார். பீட்டர் சிங்கர் அந்தத் தயக்கத்தையும் விட்டார். மனித இனத்தில் பிறந்திருப்பதற்குத் தனி அறமதிப்பு எதுவும் கிடையாது, தன்னுணர்வும் எதிர்காலம் பற்றிய எண்ணமுமே ஓர் உயிரின் எடையைத் தீர்மானிப்பவை என்பது அவர் வாதம்.

2008இல் நியூயார்க்கில் நடந்த மாநாட்டில் சிங்கரை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் ஏவா ஃபெடர் கிட்டே. தத்துவப் பேராசிரியரான அவருடைய மகள் சேஷாவுக்குக் கடுமையான அறிவுத்திறன் குறைபாடும் மூளை முடக்குவாதமும் உண்டு. கிட்டேயின் வாதம் திறன்களைப் பட்டியலிடுவதிலிருந்து தொடங்குவதில்லை. ஒவ்வொருவரும் ஏதோ ஒரு தாய் பெற்ற பிள்ளை. யாரோ ஏந்தி, ஊட்டி, தூக்கமிழந்து வளர்த்ததால்தான் எவரும் ஆளாகியிருக்கிறோம். அந்த உறவே சமத்துவத்தின் ஊற்று என்கிறார். எளிமையாகத் தோன்றினாலும் இதன் வலு பெரிது. ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரமான தனிமனிதர்கள் என்ற தொடக்கப் புள்ளியையே இது நகர்த்திவிடுகிறது. தாயால் கைவிடப்பட்டு, ஏந்தியவர் எவரும் இல்லாமல் வில்லோபுரூக்கில் கிடந்த குழந்தைக்கு இந்த உறவு என்ன தரும் என்று கேட்கலாம். அப்படிப்பட்ட குழந்தையும் ஏந்தப்பட்டிருக்க வேண்டியதுதானே என்று நாம் சொல்லும்போது, உறவு உண்டாவதற்கு முன்பே அந்தக் குழந்தையிடம் ஏதோ உரிமை இருப்பதை ஏற்றுக்கொண்டுவிடுகிறோம்.

ஆலஸ்டேர் மெக்இன்டையர் 1999இல் எழுதிய நூல் வேறு வழியில் போகிறது. சார்ந்திருப்பதை விதிவிலக்காகவும் தற்சார்பை இயல்பாகவும் கருதியதே அறவியலின் பிழை என்கிறார் அவர். கைக்குழந்தைப் பருவம், நோய், விபத்து, முதுமை என எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் குறைபாட்டின் ஏதோ ஒரு படியில் நிற்கிறோம். பெற்ற அளவைப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பதாக அல்லாமல், தேவையின் அளவைப் பார்த்துக் கொடுப்பதாக ஈகை இருந்தால்தான் சமூகம் சமூகமாக நிற்கும். மதநம்பிக்கை இல்லாதவரும் ஏற்கக்கூடிய ஆதாரம் இது. பயிற்சி மாணவருக்கு மிகவும் நேரடியாகப் பயன்படுவதும் இதுவே. மேசையின் எதிர்ப்பக்கம் இருப்பவர் வேறு வகை உயிர் அல்ல. தானும் ஒருகாலம் இருந்த, இனியும் இருக்கப்போகிற நிலையில்தான் அவரும் இருக்கிறார்.

சமயங்கள் திறனைக் கடமையோடு இணைத்தன. மதிப்போடு எப்போதும் இணைக்கவில்லை. இஸ்லாமியச் சட்டத்தில் புத்தித் தெளிவு இல்லாதவருக்குத் தொழுகையும் நோன்பும் கடமை ஆவதில்லை. யூதச் சட்டமும் அறிவுத் தெளிவற்றவரைக் கட்டளைகளிலிருந்து விலக்குகிறது. விலக்கு அளிப்பது கருணைதான். ஆனால் விலக்கப்பட்டவர் வழிபடும் கூட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளப்படுவதும் நடைமுறையில் நடந்திருக்கிறது. கிறிஸ்தவத்தில் கேள்வி ‘கடவுளின் சாயல்’ என்ற கருத்தைச் சுற்றிச் சுழல்கிறது. அந்தச் சாயல் பகுத்தறிவில் இருக்கிறது என்று நெடுங்காலம் விளக்கப்பட்டது. எந்த வடிவில் பிறந்தாலும் மனிதரிடம் பிறந்தது மனிதரே என்று அகஸ்டின் எழுதியிருந்தபோதும் இந்த விளக்கம் மேலோங்கி நின்றது. டச்சு இறையியலாளர் ஹான்ஸ் ரெய்ண்டர்ஸ் 2008இல் இதை மறுத்தார். மனிதரின் மதிப்பு அவருக்குள் இருக்கும் ஏதோ ஒரு திறமையில் இல்லை, கடவுள் அவரோடு கொள்ளும் நட்பில் இருக்கிறது. அந்த நட்பைப் பெற்றுக்கொள்ள எந்தத் தகுதியும் தேவையில்லை என்றார். கிட்டேயின் வாதத்தில் விடுபட்ட குழந்தைக்கு இங்கே இடம் கிடைக்கிறது. நம்பிக்கை உள்ளவர்களால் மட்டுமே இந்த விடையை ஏற்க முடியும் என்பது அதன் எல்லை.

சமயப் பணியின் நிழலையும் சொல்லியாக வேண்டும். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே வீட்டில் வாழும் ‘லார்ஷ்’ சமூகங்களை 1964இல் பிரான்சில் தொடங்கினார் ஜான் வானியே. யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களில் கற்பித்த ஹென்றி நௌவென் என்ற பாதிரியார் 1986இல் கனடாவில் உள்ள அத்தகைய வீட்டுக்கு வந்து, பேச இயலாத ஆடம் என்ற இளைஞரைக் குளிப்பாட்டி உணவூட்டும் வேலையை ஏற்றார். தனக்கு ஆசானாக இருந்தவர் ஆடம் என்றே பின்னர் எழுதினார். வானியே 2019இல் இறந்தபின், ஆன்மிக வழிகாட்டுதல் என்ற பெயரில் அவர் பெண்கள் பலரைப் பாலியல்ரீதியாகச் சுரண்டியது லார்ஷ் அமைப்பே ஏற்பாடு செய்த விசாரணையில் வெளிப்பட்டது. அந்தப் பெண்கள் குறைபாடு உள்ளவர்கள் அல்லர். என்றாலும் இதிலிருந்து பெறவேண்டிய எச்சரிக்கை மாறாது. எளியவர்க்குப் பணிசெய்பவர் என்ற புனிதப் பெயர் ஒருவரைக் கேள்விக்கு அப்பாற்பட்டவராக ஆக்கிவிடலாம். அன்பு அதிகாரத்தைக் கரைத்துவிடும் என்று நம்பிக் கண்காணிப்பைக் கைவிடக் கூடாது.

இனி, பயிற்சி நடக்கும் அறைக்கு வரலாம். பல துறையினர் ஒருவர்பின் ஒருவராகக் குழந்தையைச் சோதித்துத் தனித்தனி அறிக்கை எழுதுவது ஒரு முறை. எல்லோரும் ஒரே நேரத்தில் சுற்றி அமர, ஒருவர் மட்டும் குழந்தையோடு விளையாட, மற்றவர்கள் தங்கள் துறைக்கு வேண்டியதை அதிலிருந்தே கவனித்துக்கொள்வது இன்னொரு முறை. குழந்தைக்கு அலைச்சலும் சலிப்பும் குறைவு என்பது இதன் கண்கூடான பயன். ஆழமான பயன் மாணவருக்குக் கிடைக்கிறது: தன் துறை எதைப் பார்க்காமல் விடுகிறது என்பதை அவர் கண்ணெதிரே காண்கிறார். பேச்சு வராத ஒரு பையன் திடீரென்று தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளத் தொடங்கினால், அதை ஆட்டிசத்தின் நடத்தைச் சிக்கல் என்று பதிந்துவிடுவது எளிது. பல் மருத்துவம் படிக்கும் மாணவர் அதே அறையில் இருந்தால் சொத்தைப்பல் வலியாக இருக்குமோ என்று வாயைத் திறந்து பார்ப்பார். எல்லா நோவையும் குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடும் வழக்கம் மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட ஆபத்து. இத்தனை பேர் கண்டதைக் கூட்டினாலும் அந்தப் பையன் முழுமையாகக் கிடைத்துவிடமாட்டான் என்பதையும் இந்தப் பயிற்சி கற்றுத்தர வேண்டும். லெண்ட் திட்டங்கள் பலவற்றில் குடும்பத்தாரும் குறைபாடு உள்ளவர்களும் பயிற்சி பெறுபவர்களாகவும் ஆசிரியர்களாகவும் சேர்க்கப்படுவது அதனால்தான்.

ஒருவருக்குள் என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாதபோது எப்படி நடந்துகொள்வது? நம் அனுமானம் தவறாகிப்போனாலும் எது அவருக்கு மிகக் குறைந்த தீங்கு செய்யுமோ அதையே கொள்ள வேண்டும் என்று 1984இல் ஆன் டானெலன் எழுதினார். புரியாது என்று முடிவுகட்டி ஒதுக்குவதைவிட, புரியும் என்று கொண்டு பேசுவதும் கற்பிப்பதும் மேல். நல்ல கொள்கை, ஆனால் இதற்கும் ஒரு வரம்பு வேண்டும் என்பதை அடுத்துவந்த ஆண்டுகள் காட்டின. பேச இயலாதவரின் கையை ஒருவர் தாங்கிப் பிடிக்க, அவர் எழுத்துகளைத் தொட்டுச் சொற்களை உருவாக்குவதாகச் சொல்லப்பட்ட முறை 1990களில் வேகமாகப் பரவியது. இருவருக்கும் வெவ்வேறு படங்களைக் காட்டிச் சோதித்தபோது, கையைப் பிடித்தவர் கண்ட படத்தின் பெயரே எழுதப்பட்டது. கையைப் பிடித்தவர்கள் தங்களை அறியாமலே எழுதியிருந்தார்கள். பெற்றோர் படித்து நெகிழ்ந்த வார்த்தைகள் பிள்ளையுடையவை அல்ல. அவரிடம் எதுவும் இல்லை என்பதும் சரி, நமக்குப் பிடித்ததெல்லாம் அவரிடம் இருக்கிறது என்பதும் சரி, அவரை அழித்துவிட்டு அந்த இடத்தில் நம் கற்பனையை நிறுத்துகின்றன. மதிப்பு அறிவுத்திறனைச் சார்ந்ததில்லை என்று உண்மையிலேயே ஏற்றுக்கொண்டவருக்கு, மறைந்திருக்கும் அறிவைக் கண்டுபிடித்துக் காட்டும் அவசரம் இருக்காது.

முடிவெடுக்கும் உரிமையிலும் இதே சிக்கல் எழுகிறது. குறைபாடு உள்ளவர் பெயரில் காப்பாளர் முடிவெடுப்பது பழைய முறை. அவருக்குத் துணையிருந்து அவரையே முடிவெடுக்கச் செய்வது புதிய முறை, ஐ.நா.வின் 2006 ஆம் ஆண்டு உடன்படிக்கை இதன் பக்கம் நிற்கிறது. அமெரிக்காவில் இதற்கு முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் டெக்சஸ், 2015இல். ஆனால் சொல்லாலும் சைகையாலும் விருப்பத்தைத் தெரிவிக்க இயலாதவருக்கு ‘துணை’ எங்கே முடிந்து ‘பதிலாக முடிவெடுப்பது’ எங்கே தொடங்குகிறது என்பதற்குச் சட்டத்தில் தெளிவான கோடு இல்லை. அவரோடு நெடுங்காலம் பழகியவர்களின் கூர்மையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

அப்படிப் பழகியவர்கள் பெரும்பாலும் பயிற்சி அறைக்கு வெளியே நிற்கிறார்கள். லெண்ட் திட்டம் தாய்சேய் நலத்துறையின் கீழ் வருவதால் அதன் பார்வை முதன்மையாகக் குழந்தைகள் மீதே. குழந்தை வளர்ந்து, பெற்றோர் மறைந்தபின், அவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, இரவில் வலிப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவர் குறைந்த ஊதியத்துக்கு வேலைசெய்யும் பராமரிப்புப் பணியாளர்; அமெரிக்காவில் இந்த வேலையில் இருப்பவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். சார்ந்திருப்பவரைத் தாங்குபவரையும் சமூகம் தாங்கியாக வேண்டும், அதுவும் நீதியின் பகுதிதான் என்பது கிட்டேயின் இரண்டாவது வாதம். பட்டமேற்படிப்புத் துறைகளின் பட்டியலில் இவர்களின் வேலைக்குப் பெயர் இல்லை. ஒருவரின் உடல்மொழியை ஆண்டுக்கணக்கில் படித்தறிந்த இவர்களை அந்த மேசையில் உட்காரவைப்பதும், அதற்குரிய ஊதியத்தைத் தருவதும் பல்துறைப் பயிற்சி இன்னும் தீர்க்காத கணக்கு.