வராதவரின் வாசல் வரை



செப்டம்பர் 10 உலகத் தற்கொலைத் தடுப்பு நாள். 2003 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. அதையொட்டி வரும் ஞாயிறு காலை நம் ஊரில் எல்லாச் சமுதாயத்தாரும் சேர்ந்து விழிப்புணர்வு நடை நடத்துகிறார்கள். நம் ஜமாஅத்தும் கலந்துகொள்கிறது. "தற்கொலை ஹராம் என்று நமக்குத் தெரியுமே, நாம் ஏன் நடக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம்.

ஹராம்தான், அதில் சந்தேகமில்லை. சூரத்துந் நிஸாவின் 29-ஆம் வசனம் அதைத் தடுக்கிறது. ஆனால் அந்த வசனம் எப்படி முடிகிறது என்று கவனியுங்கள். அல்லாஹ் நம்மீது கருணையுள்ளவன் என்பதைச் சொல்லித்தான் முடிகிறது. தடையை மட்டும் எடுத்துச் சொல்லிவிட்டு, கருணையை நாம் விட்டுவிடலாமா?

ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. இயல்பிலேயே உரத்த குரல் உடையவர்கள். நபியின் குரலுக்கு மேல் குரலை உயர்த்தக் கூடாது என்ற வசனம் இறங்கியதும், தாம் நரகவாதிதான் என்று முடிவு செய்து வீட்டுக்குள் அடைந்துவிட்டார்கள். சபையில் அவர்கள் இல்லாததைக் கவனித்த நபி (ஸல்) அவர்கள், பக்கத்து வீட்டுக்காரரான ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களிடம், ஸாபித்துக்கு உடல்நலம் இல்லையா என்று விசாரித்தார்கள். அவருக்கு நோய் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லையே என்றார் ஸஅத். அண்டை வீட்டாருக்கே தெரியவில்லை! நேரில் போய்க் கேட்ட பிறகுதான் உள்ளே இருந்த வேதனை வெளியே வந்தது. அதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், ஸாபித் சொர்க்கவாதி என்று நற்செய்தி சொன்னார்கள்.

நம் மஹல்லாவில் மூன்று ஜும்ஆவாக வராதவர் யார்? சந்தா பாக்கியைக் கேட்க ஆள் அனுப்புகிறோம். சுகம் கேட்க அனுப்புகிறோமா?

மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையிலும், ஊர்ப்பேச்சின் அச்சத்திலும், இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினார்கள். அல்லாஹ் அவர்களைக் கண்டிக்கவில்லை. கவலைப்பட வேண்டாம் என்று ஆறுதல் சொல்லி, நீரோடையையும் பேரீச்சம்பழத்தையும் கொடுத்தான். ஊராருக்குப் பதில் சொல்லும் சுமையையும் இறக்கிவைத்தான். நொந்துபோனவரிடம் "உனக்கு ஈமான் பலவீனம்" என்று சொல்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-இல் நம் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். காரணங்களில் முதலில் நிற்பது குடும்பப் பிரச்சினை. அடுத்தது நோய். இரண்டும் நம் வீடுகளுக்குள் நடப்பவை.

ஒருவரைப் பற்றி அச்சம் வந்தால், தனியாக உட்கார வைத்து நேராகவே கேளுங்கள்: "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பாரம்தான் இறங்கும். இடையில் உபதேசம் செய்யாமல் முழுவதும் கேளுங்கள். ஆபத்து நெருங்கியிருந்தால் தனியே விடாதீர்கள், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். போலீஸ் வழக்கு வருமே என்று பயந்து மறைக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது. அவருக்குச் சிகிச்சை தருவதை அரசின் கடமையாக்குகிறது. 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். துஆவும் கேட்போம், மருந்தும் எடுப்போம். இரண்டும் சுன்னத்தே.

இப்படி ஒருவரை இழந்த குடும்பங்களும் நம்மிடையே இருக்கின்றன. ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் அவருக்கு ஜனாஸா தொழுகை உண்டு. அவருக்காகப் பாவமன்னிப்புத் தேடலாம். நோயின் வேதனை தாளாமல் தம் கைகளாலேயே மரணத்தைத் தேடிக்கொண்ட ஒரு முஹாஜிருக்காக, அந்தக் கைகளையும் மன்னிக்கும்படி நபி (ஸல்) அவர்களே துஆ செய்திருக்கிறார்கள். அந்த வீட்டாரைக் குத்திப் பேச நமக்கு என்ன உரிமை?

இதைக் கேட்கும் உங்களில் யாருக்காவது அந்த எண்ணம் இருந்தால், இன்றே ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். எங்களுக்கு நீங்கள் பாரமல்ல, அமானிதம்.

ஞாயிறு காலை எல்லோரும் வாருங்கள். நடை முடிந்து வீடு திரும்பும் வழியில், நீண்ட நாளாகக் காணாத ஒருவரின் கதவைத் தட்டி ஸலாம் சொல்லிவிட்டுப் போங்கள்.

வல்ல ரஹ்மான் நம் உள்ளங்களுக்கு அமைதியையும், பிறர் வலியை உணரும் தன்மையையும் தந்தருள்வானாக! ஆமீன்.