மன்னிப்பும் ஒப்புரவும்

"மன்னித்துவிட்டேன், ஆனால் அவன் முகத்தில் விழிக்கமாட்டேன்" என்று கூறுவோரை நாம் எங்கும் காண்கிறோம். இது மன்னிப்புதானா என்பதே நம் முன் எழும் வினா.

மேற்கு மலையடிவாரத்தில் எலுமிச்சைத் தோட்டங்கள் சூழ்ந்த புளியங்குடிப் பகுதியில் வாழ்கின்ற நமக்குப் பகை எங்கே முளைக்கிறது என்று எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கிணற்றுப் பங்கு, வரப்பு, வண்டிப்பாதை, பெண் கொடுத்ததில் வந்த மனத்தாங்கல் ஆகியவை போதும். அண்ணனும் தம்பியும் நல்லது கெட்டதற்குப் போகாமல் ஆண்டுகள் கழிகின்றன. ஞாயிறுதோறும் இருவரும் ஒரே திருப்பலியில் நிற்கிறார்கள். சமாதானம் பகிரும் வேளையில் ஒருவர் வலப்பக்கம் திரும்புகிறார், மற்றவர் இடப்பக்கம் திரும்புகிறார். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளச் சொன்ன ஆண்டவரின் கட்டளை, இத்தகைய குடும்பங்களை நோக்கிச் சொல்லப்பட்டதே அன்றோ?

மன்னிக்க மறுத்த பணியாளன் உவமையை மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். அவ்வாறெனில் அரசர் தள்ளுபடி செய்த 10,000 தாலந்து என்பது 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைப்பவர் அதை அடைக்க 2 லட்சம் ஆண்டுகள் வேண்டும். ஆனால் உடன் பணியாளன் பட்ட 100 தெனாரியமும் அற்பத் தொகை அன்று. அது ஓர் ஏழையின் 100 நாள் உழைப்பு. நமக்கு இழைக்கப்பட்ட தீங்கைச் சிறிதென்று ஆண்டவர் கூறவில்லை. அது மெய்யான கடன்தான். அதைவிடப் பெருங்கடன் நமக்கு மன்னிக்கப்பட்டிருக்கிறது என்பதையே நினைவூட்டுகிறார்.

நம் காலத்தில் இதை வாழ்ந்து காட்டியவர்கள் உண்டு. கேரளத்தின் புல்லுவழியில் பிறந்த அருள்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் உதயநகர் பகுதியின் பழங்குடி மக்களிடையே பணியாற்றினார். கந்துவட்டியில் சிக்கிய ஏழைகளின் உரிமைக்காக நின்றதால், 1995 பிப்ரவரி 25 அன்று ஓடும் பேருந்தில் குத்திக் கொல்லப்பட்டார். கொலை செய்த சமந்தர் சிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அச்சகோதரியின் தங்கையும் அதே சபையின் துறவியுமான செல்மி பால், 2002-ஆம் ஆண்டு இந்தூர் சிறைக்குச் சென்று அவர் கையில் ராக்கி கட்டித் தம் சகோதரராக ஏற்றார். குடும்பத்தாரும் அவருடைய விடுதலைக்கு இசைவு தந்தனர். 2006-இல் விடுதலையான அவர், புல்லுவழிக்குச் சென்று அந்தத் தாயின் முன் நின்றார். 2017 நவம்பர் 4 அன்று ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டார்.

இங்கே இரண்டு உண்மைகள் தெளிவாகின்றன. முதலாவது, மன்னிப்பு நீதியை மறுப்பதில்லை. வழக்கும் தீர்ப்பும் தண்டனையும் அவற்றின் வழியில் நடந்தன. ஆகவே, அடிபடும் மனைவியையும் உரிமை மறுக்கப்பட்ட மக்களையும் பார்த்து, "பொறுத்துப் போங்கள்" என்று சொல்லி வாயடைப்பது கிறிஸ்தவ மன்னிப்பு ஆகாது. வடக்கன்குளம் கோவிலில் சாதியின் பெயரால் மக்களைப் பிரித்த சுவரை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்தபோது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஆயினும் அச்சுவரை அப்படியே நிற்கவிட்டு இரு பக்கமும் அன்பைப் பற்றி மறையுரை ஆற்றியிருந்தால், அதை ஒப்புரவு என்று எவர் சொல்வார்?

இரண்டாவது, மன்னிப்பு வேறு, ஒப்புரவு வேறு. மன்னிக்க ஒருவர் போதும். தீங்கிழைத்தவர் மனம் திரும்பாவிடினும் நாம் மன்னிக்கலாம். ஒப்புரவுக்கு இருவர் வேண்டும். உண்மை ஒப்புக்கொள்ளப்பட வேண்டும். பறித்தது திருப்பித் தரப்பட வேண்டும். முகத்தில் விழிக்கமாட்டேன் என்பவர் பாதி வழி வந்தவர் எனலாம். மறு பாதி அவர் கையில் மட்டும் இல்லை. ஆனால் கதவைத் திறந்து வைப்பது அவர் கையில்தான் இருக்கிறது.

முன்பு பாவசங்கீர்த்தனம் என்று நாம் அழைத்த அருட்சாதனத்தை இன்று ஒப்புரவு என்கிறோம். இச்சொல்லை வள்ளுவர் ஓர் அதிகாரத்தின் தலைப்பிலேயே வைத்திருக்கிறார். அங்கே அது பிறர்க்குப் பயன்பட வாழும் கடமை. நீர் நிறைந்த ஊருணியை அவர் உவமை காட்டுகிறார். ஊருணி ஒருவருக்கு மட்டும் உரியதன்று. அதுபோலப் பாவமன்னிப்பும் இறைவனுக்கும் நமக்கும் இடையே மட்டும் முடிந்துவிடும் தனிக்கணக்கன்று. நாம் பெற்றது அடுத்த வயல்வரை பாய வேண்டும்.

எனவே, அடுத்த முறை ஒப்புரவு அருட்சாதனத்தை நாடுமுன், நாம் பேசாதிருக்கும் அந்த ஒருவரின் பெயரை இறைவன் முன் சொல்வோம். பின்னர் அவர் வீட்டுத் துக்கத்திற்கோ திருமணத்திற்கோ நாமே முதலில் செல்வோம். வரவேற்பு கிடைக்காமலும் போகலாம். ஆயினும் செல்வோம்.