அந்தோணியார் தங்கைக்கு ஒதுக்கிய பங்கு



முதல் வாசகம் முடிந்து பதிலுரைப் பாடல் தொடங்கும் முன்னே, வெளியே பந்தலிலிருந்து ஒரு வெள்ளாடு பதில் சொல்லிவிட்டது. பாடகர் குழுவுக்குக் கொஞ்சம் சங்கடம்தான். பரவாயில்லை, வருடத்தில் ஒரு நாள், ஜனவரி 17, வனத்து அந்தோணியார் திருநாள், பிராணிகளுக்கு உரிய நாள். நேற்று மாட்டுப் பொங்கலுக்குப் பூசிய கொம்புச் சாயம் இன்னும் காயவில்லை போலிருக்கிறது. கோயில் சுவரில் ஆங்காங்கே நீலமும் சிவப்புமாக ஒட்டியிருக்கிறது. உபதேசியார் காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். மாடு, ஆடு, கோழிக்கூடை, நான்கைந்து நாய்கள், போதாததற்கு ஒரு சிறுமியின் மடியில் மீன்தொட்டி. பூசை முடிந்ததும் எல்லாவற்றுக்கும் தீர்த்தம் உண்டு. இன்றைய நற்செய்தியில் ஊசிக் காதோடு ஒட்டகமும் வருகிறது. நல்லவேளை, ஒட்டகத்தை யாரும் கொண்டுவரவில்லை.

மறைக்கல்வி வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளை தவறாமல் கேட்கும்: “சாமி, வனத்து அந்தோணியார் காலடியில ஏன் பன்னிக்குட்டி நிக்குது?” நியாயமான கேள்வி. எகிப்து பாலைவனத்தில் அவர் பன்றி வளர்த்ததாக அவருடைய வரலாற்றை எழுதிய புனித அத்தனாசியார் சொல்லவில்லை. அந்தப் பன்றி 700 வருடம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சு நாட்டில் அந்தோணியார் பெயரால் ஒரு சபை தொடங்கி ஆஸ்பத்திரி நடத்தியது. பூஞ்சை பிடித்த கம்பு போன்ற ஒரு தானியத்தில் சுட்ட ரொட்டியைத் தின்றவர்களுக்குக் கைகால் நெருப்பாய் எரிந்து கருகிப்போகும் ஒரு நோய் அப்போது இருந்தது. அதற்கே ‘அந்தோணியார் நெருப்பு’ என்றுதான் பெயர். எரிகிற இடத்தில் அந்தச் சகோதரர்கள் பன்றிக் கொழுப்பைத் தடவினார்கள். அதற்காக வளர்த்த பன்றிகளின் கழுத்தில் மணி கட்டியிருக்கும். மணி கட்டிய பன்றி தெருவில் திரியலாம், யாரும் விரட்டமாட்டார்கள், ஊரே சோறு போடும். அப்படித் தெருவழியாக நடந்து நடந்து சுரூபத்தின் காலடிக்கு வந்துவிட்டது.

பன்றி கதை போதும். நான் பேச வந்தது ஒரு தங்கையைப் பற்றி.

அந்தோணியாருக்கு 18 அல்லது 20 வயதிருக்கும்போது தாயும் தந்தையும் இறந்துபோனார்கள். கையில் 300 அரூரா நிலம். நம் கணக்கில் ஏறக்குறைய 200 ஏக்கர், நன்றாக விளைகிற பூமி. கூடவே ஒரு சின்னத் தங்கை. ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒருநாள் கோயிலுக்குள் நுழைகிறார். இன்று நாம் கேட்ட இதே நற்செய்தி வாசிக்கப்படுகிறது. உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வா என்று ஆண்டவர் ஒரு பணக்கார இளைஞனிடம் சொல்கிறார். அந்த இளைஞன் முகம் வாடிப் போய்விட்டான். அந்தோணியார் போகவில்லை. வெளியே வந்த கையோடு நிலத்தை ஊர்க்காரர்களுக்குக் கொடுத்தார், தட்டுமுட்டுச் சாமான்களை விற்று வந்த பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்தார்.

இந்த இடத்தில்தான் நாங்கள், மேடை ஏறுகிற சாமியார்கள், குரலை உயர்த்துவோம். 200 ஏக்கர்! ஒரே நாளில்! நானும் பல வருடம் அப்படித்தான் உயர்த்தியிருக்கிறேன். அடுத்த வரியில் அத்தனாசியார் எழுதி வைத்ததை வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். அந்தோணியார் எல்லாவற்றையும் கொடுக்கவில்லை. தங்கைக்கென்று கொஞ்சம் ஒதுக்கி வைத்தார். பிறகு இன்னொரு நாள், நாளையைப் பற்றிக் கவலைப்படாதே என்ற நற்செய்தியைக் கேட்டு அதையும் கொடுத்தார். அப்போதும் அந்தப் பிள்ளையைத் தெருவில் விட்டுவிட்டுப் போகவில்லை. தமக்குத் தெரிந்த, நம்பிக்கையான கன்னியரிடம் ஒப்படைத்த பிறகுதான் வீட்டை விட்டுக் கிளம்பினார். அந்தத் தங்கையிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா என்று எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. கேட்டதாக எழுதவில்லை. ஆனால் பல வருடம் கழித்து, வயதான தங்கையை, மற்ற கன்னியருக்குத் தலைவியாக இருப்பவரை, அந்தோணியார் பார்த்து மகிழ்ந்தார் என்று எழுதியிருக்கிறது.

அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு? தெரியாது. எனக்கு அந்த 200 ஏக்கரைவிட அதுதான் பெரிதாகத் தெரிகிறது. 200 ஏக்கரைக் கேட்க ஊரே இருந்தது. தங்கை சின்னப்பிள்ளை, தனக்கு இவ்வளவு வேண்டும் என்று கேட்கத் தெரியாது.

போன மாதம் வீடு சந்திப்புக்குப் போனபோது ஒரு பாட்டி வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பெயர் சொல்லமாட்டேன், இங்கேதான் இருக்கிறார்கள். சுவரில் ஓர் ஆணி. அதில் ரேஷன் கார்டு வைத்த பிளாஸ்டிக் பை, அதன் பக்கத்தில் சணல் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்ட 40 பக்க நோட்டு. கணக்கு நோட்டு. தனி ஆள். முதியோர் உதவித்தொகை 1200 ரூபாய், பூக்கட்டிக் கிடைப்பது கொஞ்சம். அனுமதி கேட்டு எடுத்துப் பார்த்தேன். கேஸ், மாத்திரை, கரண்டு, குழுப் பணம், கோயில் 50. அதற்குக் கீழே, மணி 150.

“மணி யாரு பாட்டி, பேரனா?”

“நாய் சாமி. பாலும் ரஸ்க்கும்.”

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் விடவில்லை. “கோயிலுக்கு 50, மணிக்கு 150ஆ?” என்று சிரித்தேன்.

பாட்டி சிரிக்கவில்லை. “கோயிலுக்குக் கேக்க நீங்க இருக்கீங்க சாமி. அதுக்குக் கேக்க யாரு இருக்கா?” என்றார்கள்.

அன்று அங்கிருந்து திரும்பும்போது எனக்கு என் சிப்பிப்பாறை நாய்க்குட்டி ஞாபகம் வந்தது. 29 வயதில் முதல்முதலாக ஒரு பங்குக்குப் பொறுப்பேற்றுப் போயிருந்தேன். ஒரு குடும்பத்தார் அன்பாகக் கொண்டுவந்து கொடுத்த குட்டி, காது மட்டும் பெரிது, உடம்பு கைக்குள் அடங்கிவிடும். பீடப்பிள்ளைகள் பள்ளி விட்டதும் நேராகப் பங்கு இல்லத்துக்கு ஓடி வருவார்கள். ஆறேழு வாரத்தில் முதல் ஊசி போட்டுவிடுங்கள் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். திருவிழா வேலை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். கொடியேற்றத்துக்கு மூன்று நாள் முன்பு குட்டி வாந்தி எடுத்தது. மறுநாள் ரத்தமாகப் போனது. பார்வோ நோய். டிரிப்ஸ் ஏற்றினார்கள். கொடியேற்றத்தன்று விடியற்காலையில், படிக்கட்டுக்குக் கீழே நான் விரித்துக் கொடுத்திருந்த சாக்கில் செத்துக் கிடந்தது. வேப்ப மரத்தடியில் நானே குழி வெட்டிப் புதைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து கொடியை மந்திரித்தேன்.

காசு இல்லாமல் போகவில்லை. அந்த மாதம் பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் முன்பணம் கொடுத்திருந்தேன், போஸ்டர் அடித்திருந்தேன். எல்லாவற்றுக்கும் பில் இருக்கிறது. குட்டிக்கென்று கணக்கில் ஒரு வரிகூட இல்லை. ஒரு பங்கை நடத்துகிற அளவுக்குப் பெரிய ஆள் என்று என்னை ஆயர் நம்பினார், ஊர் நம்பியது. ஒரு குட்டியை வளர்க்கிற அளவுக்கு நான் பெரிய ஆளாகியிருக்கவில்லை.

பெற்றோர்கள் என்னிடம் வந்து சொல்வீர்கள்: “25 வயசாச்சு சாமி, இன்னும் பொறுப்பே வரல.” பையன் சம்பளத்தில் பாதி வண்டித் தவணைக்கும் போன் தவணைக்கும் போகிறது என்பீர்கள். இளைஞர்களே, உங்களைத் திட்டப் போவதில்லை. இந்த மாதம் உங்கள் சம்பளத்தில், உங்களிடம் வாய்விட்டுக் கேட்காத ஒருவருக்காக எவ்வளவு போனது என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். அப்பாவின் கண்ணாடியாக இருக்கலாம். தவணைக்காரன் போன் போட்டுக் கேட்பான், அப்பா கேட்கமாட்டார்.

வீட்டுக் காசு என்று எடுத்தால் எனக்குத் தோபித்து நூலைவிட நல்ல புத்தகம் தெரியாது. சி.எஸ்.ஐ. அன்பர்களின் பைபிளில் இருக்காது, நம்முடையதில் இருக்கிறது. வீட்டுக்குப் போய் எடுத்துப் படியுங்கள், 14 அதிகாரம்தான். தோபித்து நல்ல மனிதர். பசித்தவனுக்குச் சோறு, துணியில்லாதவனுக்குத் துணி, அநாதைப் பிணத்துக்கு அடக்கம், எல்லாம் செய்தவர். குருவி எச்சம் விழுந்து கண் போய்விட்டது. மனைவி அன்னா கூலிக்கு நெசவு செய்து குடும்பத்தை ஓட்டுகிறாள். ஒருநாள் நெய்த துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது முழுக் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியும் கொடுத்தனுப்புகிறார்கள். வேலை அவ்வளவு பிடித்திருக்கிறது. குட்டி வீட்டுக்குள் வந்து கத்துகிறது. கண் தெரியாத மனிதர் கேட்கிறார்: இது ஏது? திருடினதா? கொண்டுபோய்க் கொடுத்துவிடு. அவள் கூலிக்கு மேல் கிடைத்த பரிசு என்கிறாள். அவர் நம்பவில்லை. அவள் திருப்பிக் கேட்டுவிட்டாள்: உம்முடைய தருமமெல்லாம் எங்கே போயிற்று?

நினிவே நகரத்து ஏழைகளையெல்லாம் நம்பிக் கொடுத்தவருக்குச் சொந்த மனைவியை நம்ப முடியவில்லை. இந்தச் சண்டை நம் தெருவில் நடக்காததா? அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் பெண்கள் சேர்த்த சிறுவாட்டுக் காசு வெளியே வரும் நாளில் என்ன நடக்கிறது? பிள்ளைக்குப் பீஸ் கட்டப் பணம் பத்தாமல் நிற்கிற நேரத்தில் அவள் முடிச்சை அவிழ்ப்பாள். ‘ஏது காசு?’ என்பதுதான் முதல் வார்த்தை. ‘நல்லவேளை’ என்பது இரண்டாவதாகக்கூட வருவதில்லை. ஆண்களே, நெளியாதீர்கள். எனக்குப் பாவசங்கீர்த்தனத்தில் தெரிந்ததல்ல இது, வாசலில் நின்றாலே கேட்கிறது.

அதே தோபித்து, 20 வருடத்துக்கு முன்பு மேதியா நாட்டில் ஒருவரிடம் பத்துத் தாலந்து வெள்ளி கொடுத்து வைத்திருந்தார். சாகப்போகிறோம் என்று நினைத்த நாளில்தான் மகனைக் கூப்பிட்டுச் சொல்கிறார். நல்லவேளை, பத்திரம் ஒழுங்காக இருந்தது. இரண்டாகக் கிழித்து ஆளுக்குப் பாதி வைத்திருந்தார்கள். அடக்கப் பூசைக்கு மறுநாள் துக்க வீட்டுக்குப் போகும்போது நான் பார்க்கிறேன். பீரோவைத் திறந்துபோட்டு, எந்தச் சீட்டு யாரிடம், எந்த நகை எந்த அடகுக்கடையில், பாஸ்புத்தகத்தில் நாமினி யார் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். அழக்கூட நேரமிருக்காது. இன்று இரவு சாப்பிட்ட பிறகு ஒரு தாளில் எழுதி, இருக்கும் இடத்தை வீட்டில் இரண்டு பேருக்காவது சொல்லிவிடுங்கள்.

அந்தப் பணத்தை வாங்கிவர மகன் தோபியா கிளம்புகிறான். வழித்துணைக்கு ஓர் ஆள். அது வானதூதர் இரபேல் என்று யாருக்கும் தெரியாது. நாளுக்கு ஒரு திராக்மா கூலி, செலவு தனி, நல்லபடியாகத் திரும்பி வந்தால் மேற்கொண்டும் தருகிறேன் என்று தோபித்து பேசி முடிக்கிறார். தாய் அன்னா, பணமா பெரிது, பிள்ளையல்லவா என்று அழுகிறாள். கூலி பேசிய அதிகாரம் முடிந்து அடுத்தது தொடங்கும்போது ஒரு சின்ன வரி: நாயும் அவர்களோடு போயிற்று. கூலி பேசவில்லை, பெயர்கூட இல்லை. பல அதிகாரம் கழித்து அவர்கள் திரும்பும்போது பின்னால் வந்துகொண்டிருக்கிறது. வழியெல்லாம் அதற்கு யாரோ சோறு போட்டிருக்க வேண்டும். அந்தச் செலவு கணக்கில் இல்லை.

பிராணிகளைக் கொண்டாடுவதிலும் ஓர் எல்லை உண்டு என்பதை நான் சொல்லாமல் விட்டால் தவறு. திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2418ஆம் எண்ணில், விலங்குகளைக் காரணமில்லாமல் துன்புறுத்துவதும் தவறு, மனிதருடைய துயரைப் போக்க வேண்டிய பணத்தை அவற்றுக்கு இறைப்பதும் தகாது என்று இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜனவரியில், பிள்ளைகளுக்குப் பதில் நாய் பூனை போதும் என்றிருக்கும் தம்பதியரைக் கடிந்து பேசினார். நாய் வளர்ப்பவர்கள் பலருக்கு மனம் வருத்தம். பிள்ளை வரம் கேட்டு ஏங்குகிறவர்கள் வீட்டுப் பூனையை அந்த வார்த்தையால் அளக்கக் கூடாது என்று நினைக்கிறேன். மற்றபடி, நாய்க்குப் பிறந்தநாள் கேக் வெட்டுகிற வீட்டில் வேலைக்கார அம்மாவுக்குச் சம்பளம் பத்தாம் தேதி வரை இழுக்கிறது என்றால், அதை எந்தத் தீர்த்தமும் சரிசெய்யாது.

நாம் பிராணிக்குச் சோறு போடுவதைச் சொன்னேன், மனிதருக்குச் சோறு கொண்டுவந்த பறவையும் உண்டு. பாலைவனத்தில் தனியாக வாழ்ந்த நமது வனத்துச் சின்னப்பரின் கதை உங்களுக்குத் தெரியும். 60 வருடம் ஒரு காகம் தினமும் அவருக்கு அரை ரொட்டி கொண்டுவந்தது. அந்தோணியார் பார்க்க வந்த அன்று முழு ரொட்டி. விருந்தாளிக்கும் சேர்த்து. அதை யார் முதலில் பிய்ப்பது என்று அந்த இரண்டு கிழவர்களும் சாயங்காலம் வரை மரியாதைச் சண்டை போட்டார்களாம். காகம் அதற்குள் பறந்து போயிருக்கும்.

சரி, வெளியே சத்தம் கூடுகிறது, முடித்துக்கொள்கிறேன். பூசை முடிந்ததும் மாடுகள் கொடிமரத்துக்கு வலப்பக்கம், ஆடுகள் இடப்பக்கம். இதற்கும் இறுதித் தீர்ப்புக்கும் தொடர்பில்லை, நிழல் அந்தப் பக்கம் இருக்கிறது. நாய் பிடித்திருப்பவர்கள் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள், கோழிக்கூடைப் பக்கம் வேண்டாம், போன வருடம் போதும். மீன்தொட்டியை முதலில் மந்திரித்து அனுப்பிவிடுவோம், அந்தப் பிள்ளைக்குக் கை வலிக்கும். கால்நடை மருத்துவர் கெபிக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். வெறிநோய்த் தடுப்பூசிக்குக் காசு வேண்டாம், அந்தச் செலவை இந்த வருடம் திருவிழாக் கணக்கில் எழுதியாகிவிட்டது. பாட்டி, பெயர் சொல்லமாட்டேன் என்றேன், அதைக் காப்பாற்றிவிட்டேன். மணியைக் கூட்டிக்கொண்டு வரிசையில் முன்னால் வந்துவிடுங்கள்.