மிச்சம் பிடித்த பணம் யாருடையது?

சிக்கனம் நல்ல குணம் என்று நமக்குச் சிறு வயதிலிருந்தே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கிழிந்ததைத் தைத்து உடுத்துகிறவரையும், புதிய பொருளுக்கு ஆசைப்படாமல் பழையதை வாங்கிப் புழங்குகிறவரையும் நாம் மதிக்கிறோம். மதிக்க வேண்டியதுதான். ஆனால் சிக்கனத்தைப் பற்றி நாம் கேட்காமல் விட்டுவிடுகிற ஒரு கேள்வி இருக்கிறது. மிச்சம் பிடித்த அந்தப் பணம் உண்மையில் யாருடையது? என் தேவையைக் குறைத்துக்கொண்டு நான் மிச்சம் பிடித்தால் அது என்னுடையது. நான் கொடுத்திருக்க வேண்டியதை வேறொருவர் தலையில் கட்டிவிட்டு மிச்சம் பிடித்தால் அது யாருடையது?

பழைய சட்டை கிழிந்தால் வெட்கப்படுகிறவன் அதை உடுத்தியவன் ஒருவன்தான். எல்லாப் பழைய பொருள்களும் அப்படியல்ல. பாரம் இழுப்பதற்காக வாங்கும் பழைய டீசல் ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் இது அன்றாட விவகாரம். ஆட்டு மந்தையைச் சந்தைக்குக் கொண்டுபோகிற குடியானவர், படகைக் கடற்கரைக்கு இழுத்துப் போகிறவர், காரவான் என்னும் சக்கர வீட்டைப் பின்னால் கட்டிக்கொண்டு விடுமுறைக்குப் புறப்படுகிற குடும்பத்தார் ஆகிய எல்லாருக்கும் நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கிற வண்டி ஒன்று வேண்டியிருக்கிறது. புதிதாக வாங்கப் பணம் போதாதபோது அவர்கள் தேடிப் போவது பெரும்பாலும் ஒரு பழைய லாண்ட்ரோவரைத்தான்.

அந்த வண்டியே சிக்கனத்தில் பிறந்ததுதான். இரண்டாவது உலக யுத்தம் முடிந்து உருக்குக்குப் பஞ்சம் நிலவிய காலத்தில், அலுமினியத் தகடுகளால் உடலமைத்து, 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அதை முதன் முதலாக மக்கள் முன் நிறுத்தினார்கள். 1957-இல் அதற்கு டீசல் எஞ்சினும் வந்தது. பின்னாளில் 'டிஃபெண்டர்' என்று பெயர் பெற்ற அந்தப் பழைய வடிவம் 2016 ஜனவரி 29-ஆம் தேதியோடு உற்பத்தியில் நின்றுபோயிற்று. ஆனால் சாலைகளில் அது நிற்கவில்லை.

டீசல் எஞ்சினை ஏன் விரும்புகிறார்கள்? அதில் தீப்பொறி வைக்கும் வேலை இல்லை. காற்றைக் கடுமையாக அழுத்திச் சூடேற்றி, அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். அத்தகைய எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே பலமாக இழுக்கும். 1994-இல் டிஃபெண்டருக்கு வந்த 2.5 லிட்டர் எஞ்சின், நிமிஷத்துக்கு 1800 சுற்றிலேயே தன் உச்ச இழுவிசையைக் கொடுத்துவிடும். ஈரப் புல்வெளியிலும் சேற்றிலும் நான்கு சக்கரங்களும் தரையைப் பற்றிக்கொள்ளும். ஏர் மாட்டைப் போன்ற வண்டி அது. பந்தயக் குதிரையின் அழகு அதற்கு இல்லை, வேலை தெரியும்.

இப்படிப்பட்ட வண்டியைப் பழையதாக வாங்குவதில் நியாயம் நிறைய இருக்கிறது. ஏற்கனவே உருக்கி அடித்துச் செய்து முடித்த இரும்பை இன்னும் பத்து வருஷம் உழைக்க வைப்பது நல்லதா, குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக இன்னொன்றை உருக்குவது நல்லதா? ஒரு சாதாரண மெக்கானிக் சாதாரணக் கருவிகளைக் கொண்டே பழுது பார்க்கக்கூடிய யந்திரம் மனிதனுக்கு ஒரு சுதந்திரத்தையும் தருகிறது. 'புதியதெல்லாம் தூய்மையானது' என்று வாதாடவும் முடியாது. பரிசோதனைச் சாலையில் மட்டும் சுத்தமாக நடந்துகொள்ளும்படி புதிய டீசல் கார்களுக்குள் தந்திரம் செய்து வைத்திருந்த வோக்ஸ்வாகன் நிறுவனத்தின் குட்டு வெளிப்பட்டது 2015-இல்தான். பழைய எஞ்சின் புகை விட்டாலும் பொய் சொல்வதில்லை.

ஆகவே பழையதை வாங்குகிறவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. அவர் கணக்குப் புத்தகத்தில் எழுதாமல் விட்ட கடன்காரர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களை நினைவுபடுத்துவதுதான் நோக்கம்.

முதல் கடன்காரர், சாலையில் எதிரே வருகிறவர்.

வண்டி வாங்கப் போகிறவர் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, "எவ்வளவு இழுக்கும்?" என்பதுதான். "எவ்வளவை நிறுத்தும்?" என்று கேட்கிறவர் குறைவு. இழுக்கும் வலிமை வேறு, நிறுத்தும் வலிமை வேறு. டிஃபெண்டர் ஏறக்குறைய இரண்டு டன் எடையுள்ள வண்டி. பிரேக் பொருத்திய டிரெய்லராக இருந்தால் 3,500 கிலோ வரை அது இழுக்கலாம். பிரேக் இல்லாத டிரெய்லராக இருந்தால் வெறும் 750 கிலோதான். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். எஞ்சின் அதே எஞ்சின்தான். வித்தியாசம் முழுவதும் நிறுத்துவதில் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்துவதற்கு அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. தன்னைவிடக் கனமான ஒன்று பின்னாலிருந்து நெட்டித் தள்ளும்போது, இறக்கத்தில் எஞ்சினின் பெருமை உதவாது.

மயில் தோகைதானே என்று அளவு மீறி ஏற்றினாலும் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னது வலியறிதல் என்ற அதிகாரத்தில். அரசனுக்குச் சொன்ன அந்த உவமையை அவர் தெருவில் போகும் ஒரு மாட்டு வண்டியிலிருந்து எடுத்தார். காரவானில் ஏறுவதும் ஏறக்குறைய மயில் தோகைதான். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, கொஞ்சம் பாத்திரம், குழந்தைகளின் சைக்கிள் என்று ஒவ்வொன்றும் லேசானது. அனுபவமில்லாதவர் தம் காரின் எடையில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேற்பட்ட காரவானை இழுக்க வேண்டாம் என்று அந்நாட்டில் ஒரு புத்திமதி வழங்கி வருகிறது. அது சட்டம் அல்ல, அனுபவத்தின் சொல். சட்டமோ வேறு திசையில் போயிற்று. 1997-க்குப் பிறகு உரிமம் பெற்றவர்கள் கனமான டிரெய்லரை இழுக்கத் தனிப் பரீட்சை கொடுக்க வேண்டும் என்றிருந்த விதி, 2021 டிசம்பரில் நீக்கப்பட்டது. அனுமதி காகிதத்தில் கிடைத்துவிடுகிறது. திறமையைக் காகிதத்தில் கொடுக்க யாராலும் முடியாது.

பழைய வண்டியில் இன்னொரு சங்கடமும் உண்டு. லாண்ட்ரோவரின் மேல் தகடு அலுமினியம், அது துருப்பிடிப்பதில்லை. அடியில் தாங்குகிற சேஸிஸோ உருக்கு. பனிக்காலத்தில் சாலைகளில் தூவுகிற உப்பும், படகு இறக்கும் துறையின் கடல் நீரும் அதைத்தான் தின்கின்றன. முக்கியமாகப் பின்பக்கத்துக் குறுக்குச் சட்டத்தை அரிக்கின்றன. டிரெய்லரின் கொக்கியை முடுக்கியிருப்பது அந்தச் சட்டத்தில்தான்! வெளியே பளபளப்பாகத் தெரிகிற இடம் பத்திரமாக இருக்கிறது. பாரம் முழுவதையும் தாங்குகிற இடம் உள்ளுக்குள் உளுத்துப்போகிறது. மனிதர்களிலும் இப்படிச் சிலரைப் பார்த்திருக்கிறோம் அல்லவா?

டிரெய்லரில் மெல்லிய கம்பி வடம் ஒன்று இருக்கிறது. கொக்கி கழன்று டிரெய்லர் பிரிந்துவிட்டால், அந்த வடம் இழுபட்டு அதன் பிரேக்கைப் போட்டுவிட்டு அறுந்துபோகும். சாலையில் வரும் முகம் தெரியாத யாரோ ஒருவரின் உயிருக்காகக் கட்டி வைத்த வடம் அது. அதைச் சரியாக மாட்டுவதற்கு அரை நிமிஷம் போதும். வண்டிக்கு எம்.ஓ.டி. என்ற வருஷாந்திரப் பரிசோதனை உண்டு. ஆனால் 3,500 கிலோவுக்கு உட்பட்ட டிரெய்லருக்கு அதுகூடக் கிடையாது. அங்கே பரிசோதகர், உரிமையாளரின் மனச்சாட்சி ஒன்றுதான்.

இரண்டாவது கடன்காரர், நாளை இந்த வண்டியை நம்மிடமிருந்து வாங்கப் போகிறவர்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். விலைக்கு வாங்குகிற மாட்டைப் பல்லும் பார்க்கலாம், சுழியும் பார்க்கலாம். ஆனால் துருவின்மேல் தார் போன்ற கறுப்புப் பூச்சைப் புதிதாகத் தடவி வைத்திருந்தால் எந்தப் பல்லைப் பார்ப்பது? இங்கே ஒரு பழைய வழக்கு குறுக்கிடுகிறது. கி.மு. 44-இல் ரோமாபுரியின் சிசரோ, கடமைகளைப் பற்றித் தம் மகனுக்கு எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் இரண்டு தத்துவ ஞானிகளை மோதவிடுகிறார். மரமெல்லாம் உளுத்துப்போன ஒரு வீட்டை ஒருவன் விற்கிறான். குறை அவனுக்கு மட்டுமே தெரியும். சொல்ல வேண்டுமா? "சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு, வாங்கச் சொல்லி அவன் யாரையும் வற்புறுத்தவில்லையே" என்பது பாபிலோனிய டயோஜனிஸின் கட்சி. "தெரிந்தே ஒருவரைத் தவறான வழியில் போகவிடுவது மோசடியே" என்பது ஆன்டிபேட்டரின் கட்சி. சிசரோ ஆன்டிபேட்டரின் பக்கம் சாய்ந்தார்.

இன்றைய பிரிட்டிஷ் சட்டம் இருவருக்கும் நடுவில் நிற்கிறது. தனி மனிதர் தம் வண்டியை விற்கும்போது பொய் சொல்லக் கூடாது. சாலைக்குத் தகுதியற்ற வண்டியை விற்பது குற்றம். ஆனால் கேட்காத குறைகளையெல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. சட்டம் அங்கே நின்றுவிடலாம். நாமும் அங்கேயே நின்றுவிட வேண்டுமா? வீட்டின் மரம் உளுத்திருந்தால் அதில் குடியிருக்கிறவன் சாவான். கொக்கியின் சட்டம் உளுத்திருந்தால், விற்றவனையும் வாங்கியவனையும் அறியாத ஒருவன் சாவான். டயோஜனிஸின் வாதம் இங்கே செல்லாது. வாங்கியவர் பார்த்து வாங்கியிருக்கலாம். எதிரே வந்தவர் எதைப் பார்த்து வருவார்?

மூன்றாவது கடன்காரர் மூச்சு விடுகிற எல்லாரும்.

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012-இல் ஐயத்துக்கு இடமின்றி வகைப்படுத்தியது. 2020 டிசம்பரில் லண்டனில் மரண விசாரணை அதிகாரி ஒருவர், ஆஸ்துமாவால் இறந்த 9 வயதுச் சிறுமியின் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்றும், அந்த மாசு முக்கியமாகச் சாலைப் போக்குவரத்திலிருந்து அவளை அடைந்தது என்றும் தீர்ப்பளித்தார். அந்தக் குழந்தையின் மரணத்தை எந்த ஒரு வண்டியின் கணக்கிலும் எழுத முடியாது. எழுத முடியாது என்பதால்தான் எல்லாரும் நிம்மதியாகத் தூங்குகிறோம். 2023 ஆகஸ்டில் லண்டன் மாநகரம் முழுவதற்குமே, புகை விதிக்கு உட்படாத பழைய டீசல் கார்களுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுன் கட்டணம் என்று விரிவாக்கியபோது, ஏழை உழைப்பாளியின் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று கூக்குரல் எழுந்தது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் புகையைத் தின்றுகொண்டு பெருஞ்சாலை ஓரத்தில் குடியிருப்பவரும் பணக்காரர் அல்லரே!

அப்படியானால் வாங்கலாமா, கூடாதா?

வாங்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் விற்பவர் சொன்ன தொகையை விலை என்று நினைத்துவிடக் கூடாது. அது பாதி விலை. பின் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, உளுத்திருந்தால் அறுத்தெடுத்துப் புதிதாகப் பற்றவைக்கும் செலவு, பிரேக்கைப் புதுப்பிக்கும் செலவு, ஏற்றிய பாரத்தை எடை மேடையில் நிறுத்திப் பார்க்கும் சிரமம், தேவையில்லாமல் நகரத்துக்குள் ஓட்டிப் போகாத கட்டுப்பாடு, விற்கும் நாளில் வாய் திறந்து குறையைச் சொல்வதால் குறைகிற தொகை ஆகிய எல்லாம் மீதிப் பாதி. வேல்ஸ் மலைச்சரிவில் பத்து மைலுக்குள் ஆடுகளை ஏற்றி இறக்குகிறவருக்கு இந்தக் கணக்கு எளிதாகத் தீரலாம். அதே வண்டியை லண்டன் தெருவில் தினமும் கடைக்கு ஓட்டிப் போகிறவருக்குத் தீராது. வண்டி ஒன்றுதான், கடன் வேறு.

"மீதிப் பாதிக்கு என்னிடம் பணம் இல்லையே" என்று ஒரு குடியானவர் கேட்டால் என்ன சொல்வது? சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. உண்ணாமலிருந்தும் உடுத்தாமலிருந்தும் மிச்சம் பிடிக்க ஒருவருக்கு உரிமை உண்டு. அது அவர் வயிறு, அவர் உடம்பு. பிரேக்கில் மிச்சம் பிடிக்க உரிமை கிடையாது. அந்தப் பணம் இல்லாதவரை அவர் பாரத்தைக் குறைக்கலாம், இரண்டு தடவையாக ஏற்றலாம், அண்டை வீட்டாரின் வண்டியை வாடகைக்குக் கேட்கலாம். எல்லாமே தொல்லைதான். ஆனால் அந்தத் தொல்லை அவருடையது. அதை அவர் சுமக்காவிட்டால், முன்பின் தெரியாத ஒருவர், ஏதோ ஓர் இறக்கத்தின் திருப்பத்தில், சுமக்க நேரிடும்.