மனை யாருக்கு ஆகும்?

வாடகைக் கூரையின் கீழே வாழ்நாளைக் கழித்தவர்கள், நமக்கென்று நான்கு சுவர் வேண்டுமென ஏங்குகிறார்கள். ஏங்கட்டும், எழுப்பட்டும்! குற்றம் சொல்வார் யார்? ஆனால், மனை பார்க்கப் புறப்படும்போது அவர்கள் கேட்கும் கேள்வி இருக்கிறதே, அதைத்தான் நாம் சற்று உற்றுக் கேட்க வேண்டியிருக்கிறது.

“இந்த மனை நமக்கு ஆகுமா?”

ஈசானிய மூலை வளர்ந்திருக்கிறதா, தெருக்குத்து உண்டா, வாயில் எத்திசை என்பனவெல்லாம் அக்கேள்வியின் கிளைகள். ‘மன நிறைவுக்காகப் பார்க்கிறோம், இதில் என்ன கேடு?’ என்பர் படித்தோரும். கேடு இதுதான்: அந்தச் சாத்திரம் மண்ணை மட்டுமா பிரித்தது? 6-ஆம் நூற்றாண்டின் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்ஹிதையைப் புரட்டிப் பாருங்கள். வெண்மண் பார்ப்பனருக்கு, செம்மண் சத்திரியருக்கு, மஞ்சள் மண் வைசியருக்கு, கருமண் சூத்திரருக்கு! மணத்திலும் அவ்வாறே: நெய் மணம் முதல்வருக்கு, கள் மணம் கடையருக்கு! மண்ணின் மூக்கிலும் வருணத்தைக் கண்ட மாமேதைமை!

கரிசல் மண்ணோ இந்தக் கணக்கெல்லாம் அறியாது. மழையில் பருக்கும், கோடையில் சுருங்கி வெடிக்கும்; ஆழமான அடித்தளம் இடாத எவர் வீட்டுச் சுவரையும் பிளக்கும். அதே நூலில், குழி தோண்டி, எடுத்த மண்ணையே இட்டு நிரப்பி, மிஞ்சினால் நன்று, குறைந்தால் தீது என்றொரு சோதனையும் உண்டு. மண் இறுகியதா இளகியதா என்பதை அது ஓரளவு காட்டும். அறிவு எங்கிருந்தாலும் நாம் மறுப்பதில்லை. ஆனால் அந்தக் குழிக்கும் குலத்திற்கும் என்ன உறவு?

நிற்க. சாத்திரத்தை விட்டொழித்தவரும் ‘நமக்கு ஆகுமா’ என்ற அளவிலேயே நின்றுவிடுகிறார். ‘இதனால் பிறர்க்குத் தீங்கு உண்டா?’ என்று கேட்பதில்லை. ஏரியிலே மனை போடுகிறார்கள். நாலடி உயர்த்தி நிரவுகிறார்கள். தண்ணீர் என்ன ஆவியாகவா மறைகிறது? அடுத்த தெருத் தாழ்குடிலுக்குள் போகிறது. 2015 டிசம்பரில் சென்னை கற்ற பாடம் அது. சுற்றுவட்டார ஏரிகளின் மிகைநீரை வாங்கி, ஒக்கியம் மடுவு வழியே கடலுக்கு அனுப்பிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் துண்டு துண்டாய்த் தூர்த்ததை வாஸ்துவின் பழி என்பாரோ?

இதனினும் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு. இந்த மண் எவருடையது?

1891-இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரெமென்கீர், நிலமின்றி அடிமைப்பட்டுக் கிடந்த ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையை அறிக்கையாக்கினார். அதன் பயனாய் 1892 முதல் சென்னை மாகாணத்தில் அவர்களுக்கென ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டது. அதுவே பஞ்சமி நிலம். முதல் பத்தாண்டுகள் எவருக்கும் விற்றலாகாது. பின்னரும் அம்மக்களுக்குள்ளேயே கைமாறலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை ஏட்டில் இருந்தது, நிலம் நழுவியது. கடனுக்கு ஒரு கைநாட்டு, மிரட்டலுக்கு ஒரு கைநாட்டு! அந்நிலத்தை மீட்கக் கேட்டெழுந்த போராட்டத்தின்மீது 1994 அக்டோபரில் செங்கற்பட்டில் துப்பாக்கி முழங்கியது, இருவர் மாண்டனர்.

அத்தகைய நிலமும் இன்று கல் நட்டுக் கொடி கட்டிய மனையாய் நம்முன் வரக்கூடும். ‘நாலாவது கையாக வாங்குகிறேன், முழு விலை தருகிறேன், என்மேல் என்ன பிழை?’ என்பார் நடுத்தர வருவாயினர். அவர் துயரம் நமக்குப் புரியாமலில்லை. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு. மலிவாய்க் கிடைக்கும் மனை. தவறவிட்டால் மறுபடி கிட்டுமோ கிட்டாதோ! அறியாமல் வாங்கியவரைவிடப் பறித்து விற்றவரே பெரும் பழிக்குரியவர் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அறிந்தபின்? முதல் கைநாட்டிலிருந்த வஞ்சகம், நான்கு பத்திரம் எழுதியதால் கழுவப்பட்டுவிடுமா? திருட்டுப் பொருள் நால்வர் கை மாறினால் திருவிளக்காகிவிடுமா? விலை கொடுத்தோம் என்பது விற்றவனோடு நமக்குள்ள கணக்கு. இழந்தவனோடு உள்ள கணக்கு அதனால் தீர்வதில்லை. வில்லங்கச் சான்றில் முப்பதாண்டு பார்த்து நிறைவடைவோர், வட்டாட்சியர் அலுவலகத்துப் பழைய நிலப் பதிவேட்டையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். பஞ்சமி என்று தெரிந்தால், பாதி விலைக்குக் கிடைத்தாலும் திரும்பி வருவதே நேர்மை. இழப்புத்தான், அந்த இழப்பைத் தாங்குவதற்கே துணிவு வேண்டும்.

இன்னொரு கேள்வியைச் சிலர் தாழ்ந்த குரலில் தரகர் காதோடு கேட்கிறார்கள்: “அக்கம்பக்கம் நம்மவங்கதானே?” அரச மரத்தடி மேடையில் சமத்துவம் முழங்கிய வாயும் இதைக் கேட்கக் காண்கிறோம். ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்த பழைய கோட்டைப் புதிய மனைப்பிரிவின் வரைபடத்திலும் இழுக்கும் வேலை இது. 1997-இல் தமிழக அரசு தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரங்களில், ஊருக்கு 100 வீடுகள்: 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 ஏனையோருக்கு, எல்லாரும் கலந்தே குடியிருக்க வேண்டும். ‘பத்து நிமிடத்தில் புகைவண்டி நிலையம், இருபதடியில் நன்னீர்’ என்றெல்லாம் விளம்பரம் செய்யும் மனை வணிகர் எவரும், ‘இங்கே எல்லாச் சாதியாரும் அடுத்தடுத்து வாழ்வர்’ என்று ஒரு பலகை நட்டு நாம் இன்னும் கண்டதில்லை.